சிரிப்புக்குத் தனி ரேட் கிடையாது

மூலப்படத்தில் அவள் பெயர் யார் நாக்கிலும் நிற்கவில்லை.
வசனம் எழுதிய ஞானசுந்தரம்
டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
"ஊமத்தைன்னு வெச்சிடுவோம்" என்றார்.
அப்படித்தான் சாலிகிராமத்தில்
ஒரு சித்திரை மத்தியானம்
பனி நாட்டுச் சூனியக்காரிக்குப் பெயர் சூட்டினோம்.

மைக்கில் விழும் என்று ஏசியை அணைத்துவிடுவார்கள்.
திரையில் பனி கொட்டுகிறது.
என் முதுகில் வியர்வை.
அவள் நிலாவைத் திருடி
ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடுகிறாள்.
மூடியதும் சிரிக்க வேண்டும்,
பதினொரு நொடி,
நடுவில் ஒருமுறை மூச்சு.

பதினாறு டேக்.
"இன்னும் கொஞ்சம் கெட்டவளா, மேடம்."
"கிழவியா வேணாம். கெட்டவளா."
அடிவயிற்றிலிருந்து, மூக்கிலிருந்து,
என் நாத்தனாரிடமிருந்து,
வாடகைக்கு வந்து நிற்கும் பரிமளத்திடமிருந்து
எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.
எதுவும் அந்த வாயில் ஒட்டவில்லை.
மணி நாலே கால்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
சவுண்ட் இன்ஜினீயர் இர்ஷாத்
"சாப்பிட்டீங்களாக்கா?" என்றான்.
சிரித்துவிட்டேன்.
அதைத்தான் ஓகே செய்தார்கள்.

வவுச்சரில் இருந்தது:
வசனம் நாற்பத்தொன்று. இருமல் இரண்டு.
சிரிப்புக்குத் தனி ரேட் கிடையாது.

படம் ஓடியது.
இரண்டாம் பாகத்தில் இளவரசிக்குக் கல்யாணம்.
மூன்றாம் பாகத்தில் அவள் குதிரை பேசக் கற்றுக்கொண்டது,
குதிரைக்கு ஒரு தனிப்படம்,
குதிரையைக் கடித்த கொசுவுக்கு
ஐம்பத்திரண்டு எபிசோடு.
பிள்ளைகளுக்கு என்னவோ ஊமத்தையைத்தான் பிடித்தது.
டிபன்பாக்ஸில் இருந்தாள், தலையணை உறையில் இருந்தாள்.
மாடிவீட்டு ஜோயலின் பிறந்தநாள் கேக்கில்
அவள் மூக்கைத்தான் முதலில் வெட்டினார்கள்.
எனக்கும் ஒரு துண்டு வந்தது,
பச்சை க்ரீம், நுனி.

அப்புறம் அவளுக்கும் ஒரு சின்ன வயசு தயாரானது.
அவள் கெட்டவளே இல்லையாம்.
இருட்டுக்குப் பயந்த பிள்ளையாம்,
அதனால்தான் நிலாவை எடுத்து வைத்துக்கொண்டாளாம்.
அதற்குப் பேச ஒரு கதாநாயகியைக் கூப்பிட்டார்கள்.
குரோம்பேட்டையில் டிக்கெட் எடுத்துப் பார்த்தேன்.
நன்றாகத்தான் பேசியிருந்தாள், பொய் சொல்லக் கூடாது.
ஜாடியை மூடும் இடம் வந்தது.
சிரித்தது நான்.
பதினொரு நொடி, அதே மூச்சு.
மூச்சுக்குப் பின்னால்,
கேட்கத் தெரிந்தால் கேட்கும்,
ஒரு காலி வயிறு உறுமுவது.

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை.
பழைய மிக்சி, மீன்தொட்டி, கூண்டுப் புறா,
பக்கத்தில் தார்ப்பாய் விரித்து
இருபது ஊமத்தைகள் மல்லாந்து கிடந்தார்கள்.
அட்டையில் 'உமத்தய்' என்று அச்சு.
வயிற்றை அழுத்தினால் சிரிப்பாள்.
அழுத்தினேன்.

"எவ்வளவுப்பா?"
"முந்நூறு."
"தையலே சரியில்ல. நூறு ரூபா தரேன்."
"பொம்மைக்கு யாருக்கா காசு கேக்கறா?
சிரிப்புக்குத்தான்."

நூற்றெண்பதுக்குப் படிந்தது.
பேட்டரிக்கு இருபது.

மின்ரயிலில் பெண்கள் பெட்டி, காலை மாற்ற இடமில்லை.
கிண்டியில் ஏறிய கூட்டம் பையை நெருக்கியதும்
அவள் ஆரம்பித்துவிட்டாள்.
சமோசா விற்கிறவள் திரும்பினாள்.
நர்சிங் பிள்ளைகள் தங்கள் போனைத் தடவிப் பார்த்தார்கள்.
யூனிஃபார்மில் ஒரு சிறுமி
சீட்டுக்குக் கீழே குனிந்து தேடிவிட்டு
"அம்மா, ஊமத்தை இங்கதான் எங்கயோ இருக்கா" என்றாள்.
அம்மா நிமிரவில்லை.
"இருக்கட்டும்."

சைதாப்பேட்டை. மாம்பலம்.
அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.
என் முறை வந்தபோது
உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு
கோடம்பாக்கத்தில் இறங்கினேன்.